உளி எந்த மதம்?

திருவண்ணாமலைக்குச் சென்றிருந்தோம். தீபம் காணச் செல்லவில்லை. மலையைச் சுற்றி வரவும் செல்லவில்லை. நண்பர் இல்லத்தில் புரோகிதர் இல்லாத் திருமணம். வாழ்த்துரை வழங்கி, விருந்துண்டு, ஊர் திரும்பும் பேருந்துக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கக் கண்டு, கோயிலின் கிழக்கு வாயிலுக்கு எதிரே வந்து நின்றோம். பதினொரு நிலைகள், 217 அடி உயரம்! கழுத்து வலித்தது, கண் களைக்கவில்லை. பார்த்துக்கொண்டே நின்றோம்.

உடன் வந்தவர்கள் இளைஞர் இருவர். கல்லூரியில் பயில்பவர்கள், நம் கூட்டங்களுக்குத் தவறாது வருபவர்கள். ஒருவர் சிரித்தார். “ஐயா, வெகு நேரமாகப் பார்க்கிறீர்களே, கன்னத்தில் போட்டுக்கொள்ளப் போகிறீர்களா?” என்று கேட்டார். கேலி நமக்குப் பிடித்திருந்தது. மற்றவர் கேலி பேசவில்லை. பெருமூச்சோடு, “கட்டியவர்கள் நம் மன்னர்கள், இடித்தவர்கள் முகமதியர்கள். தென்னாட்டுக் கலையின் வரலாறே அவ்வளவுதானே, ஐயா!” என்றார். நம்மைத் திடுக்கிட வைத்தது அதுதான். எங்கோ படித்திருக்கிறார்; எவரோ சொல்லக் கேட்டிருக்கிறார். பகுத்தறிவு பேசும் பிள்ளையின் நெஞ்சிலே இப்படி ஒரு பாடம் எப்படிப் புகுந்தது என்று எண்ணிப் பார்த்தோம். கதவைத் தட்டி வரவில்லை அது. கலையின் பெயரைச் சொல்லிக்கொண்டு, பின்கட்டு வழியாக வந்திருக்கிறது.

முதல்வருக்கு விடை கூறுவது எளிது. கோயிலை வணங்க மறுப்பவன் கோபுரத்தைப் பார்க்கவும் மறுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. நிமிர்ந்து பார்க்கிற கண்ணுக்குக் கோபுரம் பேசும் செய்தி வேறு. அடியிலே கருங்கல்; அதன்மேல் செங்கல்லும் சுண்ணாம்பும்; புறத்தே சுதை. உள்ளே பெரும்பகுதி வெற்றிடம். கீழ்நிலையினும் மேல்நிலை சிறுத்து, பளு குறைந்து, சரிவு ஒரு நூல் பிசகாமல் ஏறுகிறது. அருளால் நிற்கவில்லை அது, அளவால் நிற்கிறது. கணக்கறிந்த ஒருவன் கயிறு பிடித்து நின்றான்; அவன் சொற்படி நூற்றுக்கணக்கானோர் சுமந்தார்கள். கிருஷ்ணதேவராயர் (ஆட்சி 1509–1529) தொடங்கினார், தஞ்சை நாயக்கர் செவ்வப்பர் முடித்தார் என்று ஏடுகள் எழுதுகின்றன. ‘தொடங்கினார்’, ‘முடித்தார்’ — எவ்வளவு சுருக்கமான சொற்கள்! இடைப்பட்ட காலமெல்லாம் சாரத்தின்மீது நின்றவன் யார் என்பதற்கு அந்த வாக்கியத்தில் இடமில்லை.

உள்ளே ஆயிரங்கால் மண்டபம் இருக்கிறது; அதுவும் கிருஷ்ணதேவராயர் காலத்ததே. ஏன் ஆயிரம் கால்? புராணிகரைக் கேட்டால் ஆயிரம் நாமங்களையும் ஆயிரம் இதழ்த் தாமரையையும் கொண்டுவந்து நிறுத்துவார். கல்லைக் கேட்டால் வேறு காரணம் சொல்லும். கல்லை மேலிருந்து அமுக்குங்கள், மலைபோல் தாங்கும்; இழுத்தால் விரிசல் காணும். இரண்டு தூண்களின்மேல் கிடத்திய உத்திரம் தன் எடையாலேயே நடுவில் தொய்யப் பார்க்கும். அதன் அடிப்பக்கம் இழுபடும். இடைவெளி மிகுந்தால் பிளந்துவிடும். ஆகவே தூண்களை நெருக்கமாக நட்டான் நம் தச்சன். அதுவும் போதாதென்று தூணின் தலையிலே பொதிகையை வைத்து, இருபுறமும் கை நீட்டச் செய்து, உத்திரம் தாண்ட வேண்டிய தொலைவைக் குறைத்தான். பெரிய மண்டபம் வேண்டுமானால் தூண்களைப் பெருக்குவது தவிர அவனுக்கு வழியில்லை. ஆயிரங்கால் என்பதில் அரசனுக்குப் பெருமிதம் இருந்திருக்கலாம். தச்சனைப் பொறுத்தவரை, உத்திரம் இட்ட எல்லை அது.

அந்த எல்லையைத் தாண்டுகிற அறிவுக்குப் பெயர்தான் வளைவு. நீண்ட ஒற்றைக் கல் தேவையில்லை. சிறு கற்களை ஆப்பு வடிவிலே செதுக்கி, வில்போல் அடுக்கி, உச்சியிலே ஒரு கல்லை இறுக்கினால் போதும். ஒவ்வொரு கல்லும் விழப் பார்க்கிறது. பக்கத்துக் கல் விழவிடாமல் தடுக்கிறது. இழுபடுவது இல்லை, எல்லாம் அமுக்கம்தான், அதாவது கல்லுக்கு வசதியான வேலை. தொல்லை ஒன்றுண்டு. வளைவு தன் கால்களைப் பக்கவாட்டில் அகற்றித் தள்ளும். அணைத்து நிறுத்தப் பருத்த சுவர் வேண்டும். அரைவட்ட வளைவைவிட, உச்சி கூம்பிய கூர்வளைவு குறைவாகத் தள்ளும். அகலம் வேறுபட்ட இரு வளைவுகளை ஒரே உயரத்துக்குக் கொண்டுவரவும் அது இடங்கொடுக்கும். சின்னஞ்சிறு மாற்றம்! அதிலிருந்துதான் இடைக்கால ஐரோப்பாவின் மாபெரும் தேவாலயங்கள் முளைத்தன.

அந்தக் கூர்வளைவு ஐரோப்பாவின் சொந்தச் சரக்கா? கெய்ரோ நகரிலே இப்னு துலூன் பள்ளிவாசல் நிற்கிறது, 879-இல் முடிந்தது. முற்றத்தைச் சுற்றி வரிசை வரிசையாகக் கூர்வளைவுகள். பிரான்சு நாட்டில் பாரிசு அருகே செயின்ட் டெனிசு மடத்தின் கிழக்குப் பகுதி 1144-இல் திறக்கப்பட்டபோதுதான் ‘காதிக்’ எனப்படும் பாணி பிறந்தது என்பர். இரண்டுக்கும் இடையே இரண்டரை நூற்றாண்டு! அரபு நாடுகளிலிருந்து சிசிலித் தீவு வழியாகவும் தென் இத்தாலி வழியாகவும் அந்த வடிவம் வடக்கே நடந்தது என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். இலண்டன் மாநகரில் செயின்ட் பால் தேவாலயத்தைக் கட்டிய கிறிஸ்டபர் ரென் என்பாரே, காதிக் பாணியைச் ‘சாரசன்’ பாணி, அதாவது முஸ்லிம்களின் பாணி என்று அழைப்பதே பொருத்தம் என 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதினார். ‘காதிக்’ என்பதும் புகழ்ச்சியாக வந்த பெயரன்று. காத்தியர் என்னும் காட்டுமிராண்டிகளின் வேலை என்று இத்தாலியப் பண்டிதர்கள் பழித்து இட்ட பெயர். பழித்த பெயரையே பட்டமாக அணிந்துகொள்வது எப்படி என்பது நம்மவர்க்குப் புதிதல்லவே!

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இப்னு துலூன் பள்ளிவாசலை வகுத்துக் கட்டியவர் ஒரு கிறித்தவர் என்று அரபு வரலாற்றாசிரியர்களே எழுதிவைத்திருக்கிறார்கள். எகிப்தின் பள்ளிவாசலுக்குக் கிறித்தவர் கணக்குப் போட்டார். சிசிலியின் தேவாலயத்துக்கு முஸ்லிம்கள் கூரை வேய்ந்தார்கள். ஆம், சிசிலியின் தலைநகர் பலெர்மோவில் கிறித்தவ மன்னர் இரண்டாம் ரோசர் 12ஆம் நூற்றாண்டின் நடுவில் தம் அரண்மனைக்குள் ஒரு தேவாலயம் எழுப்பினார். சுவரிலே பொன்னொளி வீசும் கிரேக்கச் சில்லோவியம். நிற்பதற்கு இலத்தீன் தேவாலயத்தின் நீண்ட கூடம். மேலே தேன்கூடு தொங்குவதுபோல் மரத்திலே குடைந்த அரபுக் கூரை! அதிலே இசை வாசிப்போரும் மது அருந்துவோரும் சதுரங்கம் ஆடுவோரும் தீட்டப்பட்டிருக்கின்றனர். தொழுகைக்கு வந்த பாதிரிமார் தலைக்கு மேலே அந்தக் களியாட்டத்தைக் கண்டு என்ன நினைத்தார்களோ! அந்த மன்னருக்காக 1133–34-இல் நெய்யப்பட்ட செம்பட்டு மேலாடை இன்று வியன்னாவில் இருக்கிறது. விளிம்பெல்லாம் அரபு எழுத்து. ஆண்டுகூட ஹிஜ்ரிக் கணக்கில்தான். பிற்காலத்தில் புனித ரோமப் பேரரசர்கள் முடிசூடும்போது அணிந்தது அந்த ஆடையைத்தான். கிறித்தவ உலகின் தலைவர், முஸ்லிம் நெசவாளியின் கைத்திறனைப் போர்த்திக்கொண்டு மாதாவின் சந்நிதியில் மண்டியிட்டார்!

சார்த்ரு நகரத்துத் தேவாலயம் 1194-இல் தீப்பற்றி எரிந்தது. அதன்பின் எழுந்ததே இன்றுள்ளது. நடுக்கூடத்தின் உயரம் ஏறத்தாழ 120 அடி. அகலம் 50 அடிக்கும் மேல். நடுவே ஒரு தூண் இல்லை! கூரை தள்ளுகிற தள்ளலைச் சுவருக்கு வெளியே பறக்கும் முட்டுக்கால்கள் வாங்கிக்கொள்கின்றன. ஆகவே சுவரையே வண்ணக் கண்ணாடியாக்க முடிந்தது. கண்ணாடிகளில் ஏசுவின் கதை மட்டுமா? ரொட்டி சுடுவோர், செருப்புத் தைப்போர், தச்சர், கல்தச்சர் எல்லாரும் வேலை செய்தவண்ணம் இருக்கிறார்கள்.

வாய்பிளந்து மயங்க வேண்டாம். அங்கும் பக்தியின் பெயரால் பணம் கறந்தார்கள். ரூவான் நகரத் தேவாலயத்தின் ஒரு கோபுரத்துக்கு ‘வெண்ணெய்க் கோபுரம்’ என்றே பெயர். தவக்காலத்தில் வெண்ணெய் உண்பது பாவம். காணிக்கை கட்டினால் பாவமில்லை! அந்தக் காணிக்கையிலே 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழத் தொடங்கியது அது. உயரப் போட்டியும் அங்கு உண்டு. போவே நகரத்தார், எவரும் எட்டாத உயரம் என்று 150 அடிக்கும் மேலே கூரை வளைத்தார்கள். 1284-இல் ஒரு பகுதி இடிந்தது. திருந்தினார்களா? பின்னும் 500 அடிக் கோபுரம் ஒன்றை ஏற்றினார்கள். 1569-இல் முடிந்தது, 1573-இல் தரைமட்டமாயிற்று. கொலோன் தேவாலயம் 1248-இல் தொடங்கி 1880-இல் முடிந்தது. அரைகுறைக் கோபுரத்தின் உச்சியில் பளுதூக்கும் மரப்பொறி ஒன்று நூற்றாண்டுக் கணக்கில் அப்படியே நின்றது. நம் திருவரங்கத்துத் தெற்கு இராசகோபுரமும் மொட்டையாகவே நூற்றாண்டுகள் நின்று, 1987-இல் 236 அடியாக முடிந்ததல்லவா? மன்னர்களின் அவசரமும் மடங்களின் கடன்சுமையும் எங்கும் ஒரே மாதிரிதான் போலும்.

“அது ஐரோப்பா. இங்கே அப்படிக் கலந்தார்களா?” என்று கேட்டார் அந்த இளைஞர். கேட்டது நல்லது.

இந்த இராசகோபுரத்தைத் தொடங்கிய விசயநகர அரசின் தலைநகர் அம்பி. அங்கே அரண்மனைப் பகுதிக்குள் சென்று பார்த்தால், தாமரை மகால் என்னும் மாளிகையிலே இதழ் இதழாக வெட்டிய கூர்வளைவுகள். யானைக் கொட்டாரத்தின் பதினொரு அறைகளின்மேலே விதவிதமான குவிமாடங்கள். தெரியாதவர் கண்டால் சுல்தான் கட்டியதென்பார். அதே நகரில் 1439-இல், இரண்டாம் தேவராயர் காலத்தில், அரசரிடம் பணியாற்றிய அகமதுகான் என்பவர் பள்ளிவாசல் கட்டினார். அது எப்படி இருக்கிறது? கல் தூண், கல் உத்திரம், கல் பலகைக் கூரை. அசல் கோயில் மண்டபம்! கல்வெட்டும் அதைத் ‘தர்மசாலை’ என்றே குறிக்கிறது. மன்னர் வீடு பள்ளிவாசல்போல, பள்ளிவாசல் மண்டபம்போல! வளைக்கவும் அறிந்திருந்தன அங்குள்ள கைகள், கிடத்தவும் அறிந்திருந்தன. திருவண்ணாமலையின் ஆயிரங்கால் மண்டபத்தில் வளைவு இல்லை என்றால், அறியாமையால் அன்று. ஆண்டவன் வீட்டுக்குப் பழைய முறைதான் ஆகும் என்றது ஆகமம். அரசன் வீட்டுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. புதுமை புகுந்த இடம் எது, புகவிடாத இடம் எது என்று இதிலிருந்தே கண்டுகொள்ளலாம்.

இனி, இடித்தவர் கதை. இந்தக் கோயிலிலேயே வல்லாள மகாராசன் கோபுரம் ஒன்றுண்டு. போசள மன்னர் மூன்றாம் வீர வல்லாளர் பெயரைத் தாங்கியது. தலபுராணம் அவரைப் பிள்ளையில்லாத மன்னராக்கி, அண்ணாமலையாரையே மகனாகப் பிறக்கவைத்து, ஆண்டுதோறும் மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டில் அந்த மகன் திதி கொடுப்பதாக உற்சவமும் நடத்துகிறது. மன்னர் எப்படி மாண்டார் என்பதை உற்சவம் சொல்வதில்லை. தில்லிப் படைகள் துவாரசமுத்திரத்தைப் பாழாக்கிய பின், இந்த ஊரைத் தலைநகராகக் கொண்டு, எண்பது வயதிலும் வாளேந்தினார் வல்லாளர். 1342-ஐ ஒட்டி, கண்ணனூர்க் கொப்பத்தில் மதுரைச் சுல்தான் கியாசுதீனிடம் சிக்கினார். செல்வத்தையெல்லாம் கறந்தபின் அவரைக் கொன்று, தோலுரித்து, வைக்கோல் திணித்து, மதுரை மதிலில் தொங்கவிட்டான் சுல்தான். தொங்கியதைக் கண்ணால் கண்டு எழுதியவர் மொராக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா.

கொடுமைதான், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அதே இப்னு பதூதா எழுதியுள்ள மற்ற இரண்டையும் ஏன் மறைக்க வேண்டும்? வல்லாளரின் படையிலே இருபதாயிரம் முஸ்லிம்கள் இருந்தார்கள் என்கிறார். போக்கிரிகள் என்றும் ஓடிவந்த அடிமைகள் என்றும் அவர்களை ஏசுகிறார், எண்ணிக்கையை விழுங்கவில்லை. கியாசுதீன் பெண்களையும் பிள்ளைகளையும் கொன்ற கொடுமையைக் கண்டு, அதைக் கண்டித்து எழுதியவரும் அவரேதான்; சுல்தான் அவருக்கு உறவினன், மனைவியின் சகோதரியை மணந்தவன்! திருவண்ணாமலை அரசனுக்காக முஸ்லிம்கள் ஆயுதம் ஏந்தினார்கள். மதுரைச் சுல்தானை முஸ்லிம் ஒருவரே சபித்தார். “இடித்தவர்கள் முகமதியர்கள்” என்ற ஒற்றை வரிக்குள் இந்த மனிதர்களை எங்கே அடைப்பது?

கொள்ளையும் இடிப்பும் வெற்றியின் வேலை. சோழ மன்னர் முதலாம் இராசாதிராசன் சாளுக்கியரின் கலியாணபுரத்தைக் கொளுத்தி, அங்கிருந்து ஒரு துவாரபாலகர் சிலையைத் தூக்கிவந்தார். தூக்கிவந்த பெருமையை அதன் பீடத்திலேயே தமிழில் வெட்டியும் வைத்தார். தாராசுரத்தில் கிடைத்த அது இன்று தஞ்சைக் கலைக்கூடத்தில் நிற்கிறது. 1204-இல் சிலுவைப் போருக்குப் புறப்பட்ட கிறித்தவர்கள் வழியிலே கிறித்தவ நகரமான கான்ஸ்டான்டிநோபிளைச் சூறையாடினார்கள். அங்கு பெயர்த்தெடுத்த நான்கு செம்புக் குதிரைகளை வெனிசு நகரத் தேவாலய வாயிலுக்கு மேலே நிறுத்தினார்கள். சைவன் சைவனிடமும், கிறித்தவன் கிறித்தவனிடமும் பறித்த பொருள்கள், ஆண்டவனுக்கு அணிகலனாயின!

திருவண்ணாமலையிலிருந்து கிழக்கே நாற்பது கிலோமீட்டர் சென்றால் செஞ்சிக் கோட்டை. பாடநூலில் படிக்க வேண்டியதையெல்லாம் அங்கே கல்லிலே படிக்கலாம். கலியாண மகால் என்று ஒரு கட்டடம்: சதுர முற்றம், சுற்றிலும் அறைகள், நடுவே எட்டு நிலை மாடம். மாடத்தின் கூரையோ நம் விமானம்போல் கூம்புகிறது. நிலைகளின் பக்கமெல்லாம் கூர்வளைவு. எங்கே ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்குகிறது என்று கோடு கிழிக்க வல்லவர் கிழிக்கட்டும்! அருகே பெருங்களஞ்சியம், உட்கூரை முழுதும் வளைத்துக் கட்டியது. நெல்லைக் கொட்ட நடுவே தூண் இடைஞ்சல் அல்லவா? 1649-இல் இந்தக் கோட்டை பீசப்பூர்ச் சுல்தானின் கைக்குப் போயிற்று. அந்தப் பீசப்பூரிலேதான் முகமது அடில்சாவின் கல்லறையாகிய கோல் கும்பசு எழுந்தது. 135 அடிச் சதுரக் கூடம்; ஒரே குவிமாடம்; உள்ளே ஒரு தூண்கூடக் கிடையாது. ஒன்றையொன்று வெட்டும் வளைவுகள் எட்டு மூலைகளில் குவிமாடத்தை ஏந்துகின்றன. ஆயிரம் கால்களின் காட்டையும், கால்களே இல்லாத அந்த வெளியையும் ஒருவன் அடுத்தடுத்துப் பார்க்க வேண்டும். எது உயர்ந்தது என்று நம்மைக் கேட்காதீர்கள். நிழலும் ஒளியும் தூணுக்குத் தூண் மாறுகிற அழகு மண்டபத்துக்கு உண்டு. கோல் கும்பசில் அது இல்லை.

தேசிங்கு இராசன் கதையைத் தமிழ்நாட்டுத் தெருக்கூத்து அறியும். 1714-இல் ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லாகானை எதிர்த்து மடிந்தார். அவருக்காக, மணக்கோலத்தையும் துறந்து வந்து உயிர்விட்ட நண்பன் முஸ்லிம் என்றே நாட்டுப்பாடல் பாடுகிறது. வென்ற நவாபு கோட்டைக்குள் 1717–18-இல் பள்ளிவாசல் எழுப்பினார். பாரசீகக் கல்வெட்டு சாட்சி. அதற்கு அப்பால் அரங்கநாதர் கோயில், தூணும் உத்திரமுமாய். இரண்டும் ஒரே கோட்டைக்குள், கேட்பாரின்றி வெயில் காய்கின்றன.

கடற்கரைப் பக்கம் போனால் இன்னும் தெளிவு. கீழக்கரை, காயல்பட்டினம் ஊர்களின் பழைய பள்ளிவாசல்களில் வானளாவும் குவிமாடத்தைத் தேடாதீர்கள். செதுக்கிய கருங்கல் தூண்கள், பொதிகை, பூமுனை, உத்திரம் என எல்லாம் நம் மண்டபத்தின் உறுப்புகளே. மனித, விலங்கு உருவங்கள் மட்டும் இல்லை. கொடியும் மலரும் இருக்கின்றன. கீழக்கரைப் பெரிய பள்ளிவாசல் வள்ளல் சீதக்காதியின் பெயரோடு சேர்த்துப் பேசப்படுவது. உருவம் வேண்டாம் என்றார்கள்; சரி என்று தாமரையை மட்டும் செதுக்கிக் கொடுத்தது தமிழ்நாட்டு உளி. நாகூர்த் தர்காவின் 131 அடி உயரமான மினாராவைக் கட்டிக்கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிங்கு. நம் மொழியும் முன்பே இந்தக் கலப்புக்கு ஒப்புதல் தந்துவிட்டது. சமண முனிவர் இருந்த இடம் பள்ளி. முஸ்லிம் தொழும் இடமும் பள்ளி. பிள்ளைகள் படிக்கும் இடமும் பள்ளி. அரசன் இல்லமாயிருந்த கோயில் ஆண்டவன் இல்லமாகி, பிறகு மாதா கோயிலும் ஆயிற்று. சொல்லுக்கு வராத தீட்டு கல்லுக்கு எங்கிருந்து வந்தது?

வந்தது, அதையும் பேசத்தான் வேண்டும். சார்த்ரு தேவாலயத்தின் உயரம் உள்ளே இருக்கிறது; ஊரே உள்ளே நின்று அண்ணாந்து பார்க்கலாம். (பாதிரிமார் பகுதியைத் தடுப்புச் சுவர் எழுப்பி மறைத்துக்கொண்டார்கள் என்பதையும் சேர்த்தே சொல்கிறோம்.) பள்ளிவாசலில் அகலம்தான் உயிர், தோளோடு தோள் உரச வரிசை நீள வேண்டும். அங்கும் சுல்தான் தமக்கெனத் தனியே அடைப்புக் கட்டிக்கொண்டதுண்டு. நம் கோயிலிலோ உயரமெல்லாம் வாயிலிலே! உள்ளே செல்லச் செல்லக் கூரை தாழ்கிறது, வெளிச்சம் குறைகிறது, கருவறை ஒரு சிற்றறை. நெடுந்தொலைவிலிருந்து காணக் கோபுரம். நெருங்கி நிற்கச் சிலருக்கே இடம். அண்ணுதல் என்றால் நெருங்குதல். அண்ணா மலை, நெருங்கவியலாத மலை என்று பெயருக்குப் பொருள் சொல்வார்கள். எவருக்கு நெருங்கவியலாதது? அயனுக்கும் மாலுக்கும் என்கிறது புராணம். கருங்கல்லைப் பிளந்து, சுண்ணாம்பை அரைத்து, சாரத்தில் ஏற்றிய உழைப்பாளிகளின் சேரிகளுக்கு என்கிறது வரலாறு. சென்னை மாகாணத்தில் கோயில் நுழைவுச் சட்டம் வந்தது 1947-இல்தான். சட்டம் வந்து முக்கால் நூற்றாண்டு கழிந்த பின்பும், இதே திருவண்ணாமலை மாவட்டத்துத் தென்முடியனூரில், முத்துமாரியம்மன் கோயிலுக்குள் ஆதிதிராவிட மக்கள் காலெடுத்துவைக்க 2023 சனவரி 30 வரை காத்திருக்க நேர்ந்தது. அன்றும் மாவட்ட ஆட்சியரும் காவல்துறையும் உடன்வர வேண்டியிருந்தது.

அந்தக் கோயிலைச் சுல்தான் எவனும் பூட்டிவைக்கவில்லை. இளைஞரிடம் இதைச் சொன்னபோது அவர் பேசாதிருந்தார்.

வடக்கு வாயில் கோபுரத்தை அவருக்குக் காட்டினோம். 171 அடி. அம்மணி அம்மாள் கோபுரம் என்று பெயர். மன்னன் மகளல்லள், மந்திரி மனைவியுமல்லள். வீடு வீடாகச் சென்று பொருள் திரட்டிக் கட்டிமுடித்தாள் என்று ஊரார் சொல்லும் துறவிப் பெண். கிளைக்கதையாக அவளுக்குச் சித்துகளையும் ஒட்டியிருக்கிறார்கள். ஒரு பெண் கணக்கு வைத்து, கூலி கொடுத்து, வேலை வாங்கினாள் என்று ஒப்புக்கொள்வதைவிட, அவள் திருநீறு பொன்னாயிற்று என்று நம்புவது எளிதாக இருந்திருக்கிறது.

தச்சர் பெயர்கள் அடியோடு அழிந்துவிடவில்லை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு, வீரசோழன் குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன் என்று பெயர் குறிக்கிறது. பிரான்சில் ஓத்துன் நகரத் தேவாலய வாயிலில், ‘கிசல்பெர்த்துசு இதைச் செய்தான்’ என்ற பொருளில் இலத்தீனில் வெட்டியிருக்கிறது. இந்த இராசகோபுரத்தைத் தொடங்கிய அதே கிருஷ்ணதேவராயரின் திருப்பணி சிதம்பரத்து வடக்குக் கோபுரம். அதன் வாயிலின் உட்புறத்தில் நால்வரின் உருவங்கள் பெயரோடு நிற்கின்றன: விருத்தகிரிச் சேவகப்பெருமாள், அவர் மகன் விசுவமுத்து, திருப்பிறைக்கோடை ஆசாரி திருமருங்கன், அவர் தம்பி காரணாச்சாரி. சிதம்பரம் செல்லும் தோழர்கள் வடக்கு வாயிலிலே சற்று நின்று, அந்தப் பெயர்களைத் தேடிப் படித்துவிட்டு வாருங்கள். எழுத்து சிறியது, பகல் வெளிச்சத்தில் போவது நல்லது.